சேவரி என்றால் காரம் இல்லை

போன வருடம் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட சொல் இது. நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் நினைவுக்குறிப்பு. அதில் ஒரு விருந்து. சூப் வருகிறது, மீன் வருகிறது, வறுத்த இறைச்சி வருகிறது, இனிப்பான புட்டிங் வருகிறது. எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது "சேவரி" வருகிறது. நான் அதிகம் யோசிக்காமல் "காரம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "சிப்பியைப் பன்றி இறைச்சியில் சுற்றிச் சுட்டுக் கொடுக்கிறார்கள். இதில் காரம் எங்கே இருக்கிறது?" அதே புத்தகத்தில் முப்பது பக்கம் தள்ளி, வீட்டுப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வரும் ஒருவனை "அன்சேவரி" ஆள் என்கிறார்கள். அங்கே என்ன எழுதுவது? காரமில்லாத ஆள் என்றா, சுவையில்லாத ஆள் என்றா? இரண்டே வரிகள். அந்த இரண்டு வரிகளோடு ஒரு மாதம் போனது.

இந்தச் சொல்லை நான் அகராதியில் கற்றுக்கொள்ளவில்லை. 2014-ல் வேலைக்காக இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் இருக்கும் லீட்ஸ் நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் இருந்தேன். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில் மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். பஸ் ஓட்டுநராக இருந்த அவருடைய கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யார்க்‌ஷர்க்காரர்களுக்கு எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் "லவ்" தான். காய்கறிக் கடைக்காரர், தபால்காரர், முதல்முறை பார்க்கும் ஆள், எல்லோருக்கும் அதே அழைப்பு. வீட்டுக்காரம்மாவும் முதல் நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். முதல் சனிக்கிழமை ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி சுட்டு இரண்டு தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, "ஸ்வீட்டா, சேவரியா லவ்?" என்று கேட்டார். சேவரி என்று சொன்னேன். எனக்கு அந்தச் சொல் ஊரிலிருந்தே பழக்கம். தெருமுனைப் பலகாரக் கடையின் பலகையில் "ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்" என்று இருக்கும், கீழே தமிழில் "இனிப்பு, கார வகைகள்" என்று இருக்கும். அதனால் சேவரி என்றால் காரம். கடித்தேன். சீஸ், உப்பு, அடியில் மெல்லியதாகக் கடுகுப்பொடி வாசம். நன்றாகவே இருந்தது. ஆனால் மிளகாய் இனிமேல்தான் வரப்போகிறது என்று நாக்கு கடைசித் துண்டு வரைக்கும் காத்துக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு வருடத்தில் மெல்ல மெல்லப் புரிந்தது, அவர்கள் வீட்டில் சாப்பாடு முழுவதையும் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் இனிப்பு. இந்தப் பக்கம் இருக்கும் அத்தனையும் சேவரி. உருளைக்கிழங்கு சிப்ஸ் சேவரி, சாஸேஜ் ரோல் சேவரி, முட்டைக்கோஸ் கூடச் சேவரிதான். இவற்றுக்குப் பொதுவாக ஒரு சுவை இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. இனிப்பில்லை என்பது ஒன்றுதான் பொது. பெயரில் புட்டிங் என்று இருக்கும் யார்க்‌ஷர் புட்டிங்கில் சர்க்கரையே கிடையாது, கிரேவி ஊற்றித்தான் சாப்பிட வேண்டும். அதுவும் சேவரி. சந்தையில் இறைச்சிக் கடைகளில் "சேவரி டக்" என்று எழுதி வைத்திருப்பார்கள். வாத்து கிடையாது. பன்றி ஈரலையும் மிச்சம் மீதியையும் வெங்காயம் சேர்த்து அரைத்து உருட்டிச் சுட்ட உருண்டை அது. வசதியில்லாதவர்களின் வாத்து என்று வீட்டுக்காரம்மா சொன்னார்.

அவர் வீட்டில் சேவரி என்றதும் எனக்கு நினைவு வருவது மார்மைட் டோஸ்ட். மஞ்சள் மூடி போட்ட சின்ன, குண்டுக் கறுப்புப் பாட்டில். பியர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற சாறு அது. 1902-ல் பர்ட்டன் அபான் டிரென்ட் என்ற பியர் ஊரில் தொடங்கியது. மூடியைத் திறந்தால் பழம்புளிக் கரைசல் மாதிரி கறுப்பாக, இழுத்தால் கம்பியாக வரும். வீட்டுக்காரம்மா டோஸ்ட் சூடாக இருக்கும்போதே வெண்ணெய் தடவி, அது உருகி உள்ளே இறங்கும் வரை காத்திருப்பார். அப்புறம் கத்தி முனையில் ஒரு மிளகு அளவுக்கு மார்மைட் எடுத்து, ரொட்டி முழுக்கத் தேய் தேய் என்று தேய்ப்பார். கறுப்பு போய்ப் பழுப்பாகி, பழுப்பும் போய் ரொட்டியின் மேல் தேன் நிறத்தில் கோடு கோடாக நிற்கும். அந்த அளவுதான் சரி. வாயில் வைத்தால் முதலில் உப்பு. அடுத்து லேசான கசப்பு. அது போனபிறகு ஒன்று வரும் பாருங்கள், அதற்குத்தான் என்னிடம் சொல் இல்லை. நாக்கின் இரண்டு பக்கமும் நீர் ஊறும். மறுநாள் கருவாட்டுக் குழம்பின் அடியில் இருக்கும் அது. ரசவண்டியில் இருக்கும் அது. விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். நம் அறுசுவைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. "இது என்ன சுவை?" என்று கேட்டேன். "சேவரி லவ்" என்றார். சீஸ் ஸ்கோனுக்கும் அதைத்தான் சொன்னார், முட்டைக்கோஸுக்கும் அதைத்தான் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் ஒரு சுவையின் பெயரைச் சொன்னதாக எனக்குப் பட்டது.

கதவைத் தட்டிய ஆள்

ஒரு நவம்பர் மாலை. மழை. யாரோ ஒருவன் கதவைத் தட்டி, உங்கள் கூரையில் ஓடு நகர்ந்திருக்கிறது, இப்போதே சரிசெய்து தருகிறேன், பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றான். வீட்டுக்காரம்மா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசி அவனை அனுப்பிவிட்டார். சமையலறைக்குத் திரும்பி வந்து, பாதியில் விட்ட டோஸ்ட்டை மறுபடி தேய்க்கத் தொடங்கிக்கொண்டே, "நாட் அ வெரி சேவரி கேரக்டர், தட் ஒன்" என்றார். கையில் இருக்கும் டோஸ்ட்டுக்கும் கதவில் நின்ற ஆளுக்கும் ஒரே சொல். டோஸ்ட் சேவரி, அவன் சேவரி இல்லை.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதைக் கேட்டேன். "அப்படியென்றால் நல்ல மனிதரைச் சேவரி என்று சொல்லலாமா? உங்கள் கணவரைச் சொல்லலாமா?" அவர் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தார். கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே யோசித்தார். "இல்லை லவ். அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் யாருக்கும் புரியாது." ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அவரை என்ன சொல்வார்கள் தெரியுமா? சால்ட் ஆஃப் தி எர்த். உப்பு. அதுதான் அவர்" என்றார்.

அன்றைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு ஒன்பது வருடம் கழித்துச் சென்னையில், பென்சில் குறிப்போடு திரும்பி வந்த பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சமையலறை திரும்ப வந்தது. இனிப்புக்கு ஆங்கிலத்தில் மனிதர்களிடம் எத்தனை வேலை! குழந்தை ஸ்வீட், காதலி ஸ்வீட்ஹார்ட், கணவன் ஹனி, பேத்தி சுகர். நாமும் அப்படித்தான், தேனே, கரும்பே, கற்கண்டே என்கிறோம். ஆனால் அன்றாடம் அவர்களுக்குப் பிரியமானது கோட்டின் இந்தப் பக்கம் இருப்பவைதான்: சீஸ், கிரேவி, பன்றி இறைச்சி, மார்மைட். மனிதரிடம் போகும்போது இவையெல்லாம் திட்டாகிவிடுகின்றன. மலிவான ரசனை "சீஸி". சந்தேகத்துக்கிடமானது "ஃபிஷி". மிகையாக நடிப்பவர் "ஹாம்". இரண்டு பேருக்குள் சண்டை இருந்தால் "பீஃப்". மார்மைட்டே உவமையாகிவிட்டது. பாதிப் பேருக்கு உயிராகவும் பாதிப் பேருக்கு ஆகாமலும் இருக்கும் அரசியல்வாதியை மார்மைட் என்று பத்திரிகையில் எழுதுவார்கள். "நேசிப்பீர்கள் அல்லது வெறுப்பீர்கள்" என்ற அதன் விளம்பரத்திலிருந்து வந்தது அது. கிரேவி ஒன்றுக்குத்தான் கொஞ்சம் மரியாதை. எதிர்பார்த்ததற்கு மேல் வரும் பணத்துக்கு அந்தப் பெயர். ஆனால் அலுங்காமல் பணம் கொட்டும் இடத்தை "கிரேவி டிரெயின்" என்னும்போது அதிலும் ஒரு பொருமல் இருக்கிறது.

சுவைக்கே பெயர் இல்லாதபோது புகழ்ச்சி எங்கிருந்து வரும் என்று முதலில் நினைத்தேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. டோஸ்ட்டில் எனக்குச் சொல் கிடைக்காத அந்தச் சுவைக்குப் பெயர் வைத்தது ஆங்கிலேயர் இல்லை, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகெதா. 1908-ல் கொம்பு என்ற கடற்பாசி ஊறிய சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவையை "உமாமி" என்றார். அடுத்த வருடமே அது அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்தச் சுவை வேறெங்கே இருக்கிறது என்பதற்கு அவர் சொன்ன உதாரணங்கள் தக்காளி, அஸ்பாரகஸ், சீஸ், இறைச்சி. எல்லாம் ஐரோப்பிய மேஜையில் இருப்பவை. ஜெர்மனியில் படித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் 1901-ல் அவர் லண்டனில் தங்கினார். ஜப்பானிய எழுத்தாளர் நத்சுமே சோசெகி குடியிருந்த வாடகை வீட்டில் அவரோடு சில வாரங்கள் இருந்தார். வாடகை அறையில் இருந்துகொண்டு அடுத்தவர் சமையலை நாக்கால் புரிந்துகொள்ள முயல்வது எப்படியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நாக்கில் இந்தச் சுவைக்கென்றே ஏற்பிகள் இருப்பது கண்டறியப்பட்ட பிறகு உமாமி மேற்கில் நிலைபெற்றது. ஆங்கில அகராதிகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, பொருள் எழுதும் இடத்தில் "சேவரி" என்கின்றன. இது எனக்கு ஒப்பவில்லை. உமாமி ஒரு சுவை. சேவரி கோட்டின் ஒரு பக்கம். வெறும் உப்பு போட்ட சிப்ஸ் சேவரிதான், அதில் உமாமி என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை.

அந்தச் சுவையின் பொடிக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று கடிதம் எழுதினார். காரணமாக இருக்கலாம் என்று அவர் ஊகித்த சிலவற்றில் ஒன்றுதான் இந்தப் பொடி. இதழ் அந்தக் கடிதத்துக்குப் போட்ட தலைப்பு, சீன உணவக நோய் என்ற பெயராகவே ஊன்றிவிட்டது. 2020-ல்தான் ஒரு பெரிய அமெரிக்க அகராதி அந்தப் பதிவை மாற்றி எழுதியது. நம் ஊரிலும் அஜினமோட்டோ என்றாலே முகம் சுளிப்பார்கள். சீஸிலும் தக்காளியிலும் இருப்பது அதே குளூட்டமேட். தாய்ப்பாலில் தனித்து இருக்கும் அமினோ அமிலங்களில் மிக அதிகம் அதுதான். பிறந்த குழந்தை முதலில் அறிவது இனிப்பு என்று சொல்லிக்கொள்கிறோம். அந்த முதல் வாய்ப் பாலிலேயே இதுவும் இருக்கிறது.

மூக்கு செய்த வேலை

ஆனால் பெயர் இல்லாததுதான் காரணம் என்றால் "அன்சேவரி" எப்படி வந்தது? இனிப்பில்லாதது சேவரி என்றால், சேவரி இல்லாதவன் இனிப்பானவனாக அல்லவா இருக்கவேண்டும்? கணக்கு எங்கேயோ உதைத்தது. சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனேன்.

வேர் லத்தீனில் சாபெரே. சுவைத்தல் என்றும் பொருள், அறிதல் என்றும் பொருள். நம்மை நாமே ஹோமோ சேப்பியன்ஸ் என்று சொல்லிக்கொள்வது அந்த வேரிலிருந்துதான். அறிவுள்ள மனிதன் என்று மொழிபெயர்க்கிறோம், அடியில் சுவைத்தவன் இருக்கிறான். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது அறிவு கழன்றுபோய்ச் சுவை மட்டும் தங்கியது. கூடவே இன்னொன்று ஒட்டிக்கொண்டது. அந்தக் கால ஆங்கிலத்தில் "சேவர்" என்றால் சுவை மட்டுமில்லை, மணமும்தான். இதுதான் சாவி. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஒரே சொல்லை மூன்று வேலையில் பார்க்கலாம். வயதான ஈசாக்கு மகனிடம் வேட்டையாடி வந்து சமைத்துத் தரச் சொல்லும்போது கேட்பது சேவரி இறைச்சி, அது சுவை. வெள்ளம் வடிந்தபின் நோவா பலியிடும்போது கடவுள் முகர்வது இனிய சேவர், அது வாசனை. யோபு துன்பத்தின் நடுவில், உப்பில்லாமல் அன்சேவரியானதைத் தின்ன முடியுமா என்று கேட்கிறார். அங்கே அன்சேவரி என்றால் வெறும் சப்பென்று இருப்பது, அவ்வளவுதான். கெட்டது என்ற நிழலே இல்லை. தமிழ் பைபிளில் முதல் இடத்தில் ருசி என்றும் இரண்டாவது இடத்தில் சுகந்த வாசனை என்றும் இருக்கிறது. நாக்குக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று தமிழ் பிரித்துக்கொண்டது. ஆங்கிலம் பிரிக்கவில்லை.

பிரிக்காததால் நடந்தது என்ன? நாக்கு வழியாகப் போன அன்சேவரி சப்பென்ற சாப்பாட்டோடு நின்றுவிட்டது. மூக்கு வழியாகப் போனது நாற்றமாகி, நாற்றத்திலிருந்து நடத்தைக்குத் தாவியது. இன்றைக்கு யாரும் உப்பில்லாத கஞ்சியை அன்சேவரி என்று சொல்வதில்லை, அதற்கு "பிளாண்ட்" இருக்கிறது. அன்சேவரி என்றால் ஆள், பேர், விவகாரம், கடந்த காலம். அதாவது கதவைத் தட்டியவனைப் பற்றி வீட்டுக்காரம்மா சொன்னது நாக்கின் தீர்ப்பு இல்லை. அவன் ஒரு வாடை அடித்தான். டோஸ்ட்டும் அவனும் ஒரே சொல்லில் நின்றாலும், ஒன்று வாய்ப் பக்கம் வந்தது, மற்றது மூக்குப் பக்கம் வந்தது. நடுவில் நானூறு வருடம் ஓடியிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்பவேண்டும்.

இதை ஒரு தமிழ்க்காரருக்கு விளக்க அகராதி எதற்கு? "அவன் பேரே நாறிப்போச்சு" என்று நாம் சொல்வதில்லையா? "பேச்சில் திமிர் வாடை அடிக்கிறது" என்பதில்லையா? ஆங்கிலத்திலும் ஒரு பேச்சு ஆணவத்தை "சேவர்" செய்கிறது என்று பழைய பாணியில் எழுதுவார்கள். அப்படியே நம் வாடைதான். நாற்றமும் ஒரு காலத்தில் நல்ல மணத்துக்கே பெயராக இருந்தது. சங்கைப் பார்த்து ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று கேட்டபோது அதில் ஏக்கம்தான் இருந்தது. இன்றைக்குக் கோவில் பிரசாதம் நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஸ்டிங்க்" கூட ஆயிரம் வருடத்துக்கு முன் நறுமணத்துக்கும் பொதுவான சொல்தான். மணத்தின் சொற்கள் எங்கே விட்டாலும் பள்ளத்துக்கு ஓடுகின்றன.

உப்பு எடுத்துக்கொண்ட இடம்

அப்படியானால் நல்ல மனிதருக்கான இடம்? பஸ் ஓட்டியவருக்கு வீட்டுக்காரம்மா ஏன் உப்பைக் கொடுத்தார்? சால்ட் ஆஃப் தி எர்த் என்ற தொடர் இயேசுவின் மலைப்பிரசங்கத்திலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மத்தேயு 5:13. எனக்கும் தெரியும், ஆனால் முதல் பாதி மட்டும்தான். கிங் ஜேம்ஸில் அந்த வசனத்தை முழுதாக எடுத்துப் படித்தேன். நீங்கள் பூமிக்கு உப்பு என்று சொன்ன அடுத்த மூச்சில், உப்பு தன் "சேவர்" இழந்துபோனால் எதனால் உப்பாக்குவது என்று வருகிறது. இரண்டும் ஒரே வசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஊர் அதிலிருந்து உப்பைப் பிய்த்தெடுத்து நேர்மையான, பகட்டில்லாத, கடுமையாக உழைக்கிற மனிதர்களுக்கு வைத்துக்கொண்டது. சேவரை இழப்போடு அங்கேயே விட்டுவிட்டது. உப்புக்கு உள்ளே இருக்கும் சத்து எதுவோ அதற்குத்தான் அந்த வசனத்தில் சேவர் என்று பெயர். அது இருந்தால்தான் உப்பே உப்பு. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் இருக்கும் சொல் "சாரம்". "உப்பானது சாரமற்றுப்போனால்." ருசி என்றோ சுவை என்றோ போடவில்லை. சாரம் என்று போட்ட அந்த மொழிபெயர்ப்பாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். காரசாரமான விவாதம் என்கிறோமே, அந்தச் சாரம். சாரமான பேச்சு, சாரமுள்ள ஆள் என்று தமிழில் சொன்னால் யாருக்கும் புரியும். ஆங்கிலத்தில் வீட்டுக்காரம்மாவால் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

உப்பும் இப்போது நிம்மதியாக இல்லை. இணையத்தில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு "சால்ட்டி" என்றால் தோற்றுப்போய்க் கடுகடுவென்று இருப்பவன். புதிது மாதிரித் தெரியும், ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பேச்சில் 1930-களிலேயே கோபப்படுவதற்கு அந்தச் சொல் இருந்தது. அதற்கு முன்னால் கப்பல்காரர்களின் கெட்டவார்த்தைப் பேச்சுக்கு அந்தப் பெயர். கோபித்துக்கொள்வதை உப்போடு சேர்த்தது அவர்கள் மட்டும் இல்லை. ஊடலை உப்புக்கு ஒப்பிட்டு, அளவாக இருக்கவேண்டும், கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டது என்கிற குறள் நமக்கு இருக்கிறது, 1302. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நாக்கு எல்லா ஊரிலும் ஒன்று என்பதால் வந்த ஒற்றுமை.

சரி, என்னுடைய இரண்டு வரிகள் என்ன ஆயின? முதலில் விருந்து. விக்டோரியா காலத்திலிருந்து வசதியான ஆங்கிலேய வீடுகளில் புட்டிங்குக்குப் பிறகு சேவரி கொடுப்பது வழக்கம். பன்றி இறைச்சியில் சிப்பியைச் சுற்றினால் குதிரையேறிய தேவதைகள், உலர்ந்த ப்ளம் பழத்தைச் சுற்றினால் குதிரையேறிய பிசாசுகள் என்று பெயர். நெத்திலிப் பசையும் முட்டையும் வைத்த ரொட்டி ஸ்காட்ச் உட்காக். உட்காக் என்பது ஒரு பறவை, ஆனால் இதில் அது கிடையாது. வாயில் தங்கிய இனிப்பை எடுத்துவிட்டால்தான் அடுத்து வரும் போர்ட் ஒயின் ருசிக்கும் என்பது அவர்கள் நியாயம். இலையில் பாயசம் முடிந்தபிறகு மோர் கேட்கிற அதே நாக்கு. இங்கிலாந்தில் அந்த வழக்கம் இப்போது சில பழைய கிளப்புகளிலும் உணவகங்களிலும்தான் மிச்சம். "சேவரீஸ்" என்று பன்மையில் அந்தச் சொல்லைத் தினமும் புழங்குவது நம் ஊர்ப் பலகாரக் கடைகள்தான்.

அந்தப் பலகையைத்தான் நான் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், காரம் என்று தப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று. கிருஷ்ண ஜெயந்திக்கு முதல் நாள் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் "இனிப்புல அரைக் கிலோ, காரத்துல கால் கிலோ" என்றார். கடைப் பையன் காரத்துக்கு அள்ளிப் போட்டது உப்புச் சீடை. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், தேங்காய், எள், உப்பு. ஒரு மிளகாய் கிடையாது. ஆனாலும் அது காரம், ஏனென்றால் இனிப்பில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஸ்வீட், காரம், காபி என்னும்போதும் அந்தக் காரத்துக்கு உறைக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாமும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம், இந்தப் பக்கத்துக்கு மிளகாயின் பெயரை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பலகை எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். என்றாலும் ஆங்கிலேய விருந்தில் காரம் என்று படித்தால் தமிழ் வாசகரின் நாக்கு என் நாக்கு மாதிரியே மிளகாய்க்குக் காத்திருக்கும். அதனால் "வாயின் இனிப்பை மாற்ற ஓர் உப்புப் பண்டம் வந்தது" என்று எழுதினேன். பெண்ணைச் சுற்றி வந்தவன் "ஒரு மாதிரியான ஆள்" ஆனான். எங்கள் தெருவில் அவனைப் பற்றி வேறெப்படியும் சொல்லமாட்டார்கள்.

பிரதி அச்சுக்குப் போன வாரம் லீட்ஸுக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல், காது கொஞ்சம் மந்தம். உரக்கப் பேசினேன். மார்மைட், கதவைத் தட்டியவன், உப்பு, எல்லாம் ஞாபகப்படுத்தினேன். அவர் சின்ன வயதில் மெதடிஸ்ட் சபையின் ஞாயிறு பள்ளிக்குப் போனவர். நான் மத்தேயு என்றதும் முழு வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி ஒரே ராகத்தில். உப்பு, பூமி, பிறகு சேவர். அங்கே நின்றுவிட்டார். போனில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"எழுபது வருஷமா இதைச் சொல்றேன் லவ்" என்றார். "ஒரு நாளும் இது காதில் விழலையே."

உங்கள் பைபிளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சாரம் என்றேன். அவர் திருப்பிச் சொன்னார், ரகரம் வாய்க்குள்ளேயே கரைந்துபோய். நான் மறுபடி சொன்னேன். அவரும் மறுபடி சொன்னார், இந்தத் தடவை சரியாக. அப்புறம் அவருடைய கணவரின் பெயரைச் சொல்லி, அதன் பக்கத்தில் அந்தச் சொல்லையும் வைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கெட்டிலை அணைத்துவிட்டு வருகிறேன், இரு என்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.